ஐயர் வாசித்த சர்க்கார் ஓலை

ரங்கூனில் கெமண்டைன் படகுத்துறைக்குப் போய், எட்டுப் படகுக்காரர் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். பர்மாக்காரர், சீனாக்காரர், நம்மவர் யாராக இருந்தாலும் கையை நீட்டிக் காட்டுவார்கள். அந்த எட்டுப் படகையும் என் தகப்பனார் எனக்கு விட்டுப் போகவில்லை. அவர் விட்டுப் போனது ஒரு கோவணமும் நாலு தங்கைகளும்தான். மூன்றாம் வகுப்பில் வாத்தியார் என்னை ஒருநாள் அடித்தார். நான் அவரைத் திருப்பி அடிக்கவில்லை, அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகவும் இல்லை. இந்த எழுத்தில் பிழை இருந்தால் அச்சுக்கோப்பவர் திருத்திக்கொள்ளட்டும், அதற்குத்தானே அவருக்குப் படிப்பு. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான் சொல்கிறேன். சொந்தக் கையால் மேலே வந்தவனுடைய பெருமையை அவனே சொல்லாவிட்டால் வேறு யார் வந்து சொல்லப்போகிறார்கள்?

ஆனாலும் இது என்னைப் பற்றியதல்ல. பாதிதான் என்னைப் பற்றியது. மீதிப் பாதி, தண்ணீரைக் கண்டால் நடுங்கும் ஒரு மனிதரைப் பற்றியது.

வெள்ளைக்காரன் ஆண்ட அந்த இருபதுகளில் எனக்கு ஒரே ஒரு படகுதான் இருந்தது. துவாண்டே கால்வாய் வழியாகப் பானையும் ஜாடியும் ஏற்றிக்கொண்டு கெமண்டைன் சந்தைக்கு வருவேன். வைக்கோலை எந்த இடத்தில் திணிக்க வேண்டும், கயிற்றை எந்த இடத்தில் இறுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்த மாதிரி அந்த ஆற்றில் வேறு ஒருவனுக்கும் தெரியாது. என் படகில் ஏறிய பானை உடைந்தது என்று யாரும் வாய் திறந்ததில்லை. பானை இல்லாத நாளில் ஆள் ஏற்றுவேன். வாரத்தில் ஒரு நாள் எங்கள் கோயில் ஐயரை அக்கரை டாலாவுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவதும் என் வேலைதான்.

ஐயர் என்றதும் பூணூலைத் தேட வேண்டாம். எங்கள் திருநெல்வேலிச் சீமையில் புராட்டஸ்டண்டுச் சபைக்காரர்கள் தங்கள் குருவானவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மனைவி ஐயரம்மா. ரங்கூனுக்குக் கப்பலேறியபோது இந்தப் பேச்சும் எங்களோடு ஏறி வந்துவிட்டது. ஒருமுறை ஐயருக்குச் சம்மன் கொண்டுவந்த போலீஸ்காரன் நேரே பிராமணாள் சாப்பாட்டுக் கடைக்குள் போய், அங்கே சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்த கதையை எங்கள் ஆட்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

எங்கள் ஐயர் ஒல்லி. இழுப்பு நோய் உண்டு, மூச்சு விட்டால் துருத்தி மாதிரி சத்தம் வரும். வெயிலோ மழையோ கையில் கறுப்புக் குடை இருக்கும். என் சம்பான் படகில் ஏறியதும் இரண்டு பக்கப் பலகையையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். அந்தக் கண் டாலாக் கரையில் படகு முட்டிய பிறகுதான் திறக்கும்.

"ஏலே, உனக்கு நீந்தத் தெரியுமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

"தெரியும் ஐயரே."

"ரெண்டு பேருக்கும் சேத்து நீந்தத் தெரியுமா?"

"கர்த்தர் தண்ணி மேல நடந்தாருன்னு போன ஞாயித்துக்கிழமைதானே பிரசங்கம் பண்ணீக?"

"அவருக்கு அது அப்பா சொத்து. நீ பேசாமத் துடுப்பைப் போடு."

இவ்வளவு பயந்தவர் எதற்காக ஒவ்வொரு வாரமும் ஆற்றைக் கடக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். டாலாவில் குடிசை போட்டிருந்த எங்கள் கப்பல் கூலிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை இக்கரைக்கு வந்து தொழுவதென்றால் சம்பானுக்குக் கொடுக்க அவர்கள் கையில் காசு இருக்காது. அதனால் இவர் அக்கரைக்குப் போனார். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அந்த வருஷம் எனக்குக் கல்யாணம் கூடிவந்தது. பெண் கெமண்டைன் சந்தையில் கருவாடு விற்றாள். தமிழைவிடப் பர்மாப் பேச்சு அவள் வாயில் வேகமாக வரும். என்னைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, "பிடிக்கிறது அப்புறம். கோயிலுக்கு வராதவனுக்கு யார் ஓலை வாசிப்பா?" என்றாள். அன்றிலிருந்து நான் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனேன். என் பக்தி தொடங்கிய கதை அவ்வளவுதான்.

ஓலை என்றால் கல்யாண அறிவிப்பு. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்க இருக்கிறது என்று ஐயர் மூன்று ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் வாசிப்பார். ஒவ்வொரு தடவையும் வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இதற்கு நியாயமான தடை யாருக்காவது தெரிந்திருந்தால் இப்போதே சொல்லலாம்" என்பார். யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் இருந்தால் சம்மதம் என்று அர்த்தம். யாராவது எழுந்து தடை என்று சொல்லிவிட்டால், ஐயர் அந்த இடத்திலேயே என்ன தடை என்று கேட்டாக வேண்டும். தடை நியாயமாக இருந்தால் அது நீங்குகிற வரைக்கும் அடுத்த ஓலை கிடையாது. சபையின் சட்டம் அது.

என் முதல் ஓலை அன்று, தடை உண்டா என்று ஐயர் கேட்ட நேரம் பார்த்துக் கோயில் காவல்காரக் கிழவர் கடகடவென்று இருமினார். பெண் வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே வெட்டாகத் திரும்பி அவரை முறைத்தார்கள். "இருமல்ங்க, வெறும் இருமல்" என்று அவர் இரண்டு கையையும் ஆட்டினார். இரண்டாம் ஓலைக்கும் அவருக்கு அதே இடத்தில் இருமல் வந்தது. கிழவர் வேண்டுமென்றேதான் செய்கிறார் என்று எனக்கு அப்போதே தெரியும்.

அந்த இரண்டாம் ஓலைக்கு முந்திய வாரத்தில்தான் கப்பலடியில் அந்தச் சாவு நடந்தது.

அரிசி மூட்டைகளைச் சேர்த்துக் கட்டிக் கப்பலுக்குள் தூக்குகிற கயிறு பாதி உயரத்தில் அறுந்தது. கீழே நின்றவர் டாலாவிலிருந்து வருகிற எங்கள் சபைக்காரர். மூட்டைகளை அகற்றியபோது உயிர் இல்லை. கயிறு நைந்துபோயிருக்கிறது என்று ஆட்கள் முன்னமே சொல்லியிருந்தார்கள். அறுந்த பிறகும் அதே கயிற்றை முடிச்சுப் போட்டு மறுபடியும் மாட்டினான் கப்பல் ஏற்றும் கம்பெனிக்காரன். எங்கள் ஆட்கள் அவரைப் புதைத்துவிட்டு வந்து, கயிற்றை மாற்றாமல் அதன் கீழே நிற்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். பக்கத்துக் கப்பல் கூலிக்காரர்களும் உட்கார்ந்தார்கள். தெலுங்கர், தமிழர், இந்து, துலுக்கர் என்ற வித்தியாசமே இல்லை. தூக்கும் இயந்திரச் சத்தம் இல்லாத ரங்கூன் ஆற்றை நான் அந்த வாரம்தான் பார்த்தேன். காக்காய் கத்துவது அக்கரை வரைக்கும் கேட்டது.

ஐயர் என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. கூட்டம் போட்டுப் பேசவில்லை, கொடி பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கமான ஜெபங்களோடு, "கயிற்றின் கீழே நிற்கிறவர்களை நினைத்தருளும் ஆண்டவரே" என்று ஒரு வரி சேர்த்தார். அந்த ஒரு வரி செவ்வாய்க்கிழமைக்குள் போலீஸ் கச்சேரிக்குப் போய்விட்டது.

அன்று நான் ஐயரம்மாவுக்குத் துவாண்டே ஜாடி ஒன்று கொண்டுபோயிருந்தேன். அதனால் நடந்ததையெல்லாம் என் காதாலேயே கேட்டேன். இன்ஸ்பெக்டர் நம்மவர், தஞ்சாவூர்ப் பக்கம். மரியாதை தெரிந்தவர். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். கையில் தமிழில் எழுதிய ஒரு காகிதம், அடியில் சர்க்கார் முத்திரை.

"ஒரே பக்கம்தான் ஐயா. வர்ற ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் சனங்களுக்கு வாசிச்சிடுங்க."

"பூசை இல்லீங்க, ஆராதனை."

"ஏதோ ஒண்ணு. வாசிச்சாப் போதும்."

ஐயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். வேலையை விட்டவர்கள் எல்லாரும் உடனே திரும்ப வேண்டும், தூண்டிவிடுகிறவர்கள் தேசத்தை விட்டு வெளியேற்றப்படுவார்கள், இப்படி வேலை மறுப்பது சர்க்காருக்கும் விரோதம், ஆண்டவருக்கும் விரோதம் என்று அதில் இருந்தது.

"சர்க்காருக்கு விரோதம்னு நீங்க எழுதலாம், அது உங்க வீட்டு விஷயம்" என்றார் ஐயர். "ஆண்டவருக்கு விரோதம்னு யார்கிட்டக் கேட்டு எழுதினீங்க?"

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "அதை உங்க வாயாலே சொல்லணும்னுதானே உங்களைத் தேடி வந்திருக்கோம்."

"அந்த மேடையிலே நான் சர்க்கார் காகிதம் வாசிக்கிறதில்லை."

"போன மாசம் யாரோட மாடோ காணாமப் போச்சுன்னு வாசிச்சீங்களாமே?"

"மாடு இல்ல, ஆடு!" என்று உள்ளேயிருந்து ஐயரம்மாவின் குரல் வந்தது.

"சரிம்மா, ஆடு. ஆட்டுக்கு வாசிக்கலாம், சர்க்காருக்கு வாசிக்கக் கூடாதா? கல்யாணத்துக்கு ஏதோ ஓலை வாசிக்கிறீங்களாமே, அது மாதிரி இதையும் வாசிச்சிடுங்க. ஓலை வாசிக்கிற மாதிரியே."

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். கோயில் நிற்கிற மனை சர்க்கார் மனை என்றும், கொடுத்தவர்களுக்கு எடுத்துக்கொள்ளவும் தெரியும் என்றும் சொன்னார். சபைக்கு மேலே இருந்த மிஷன் பெரிய துரை ஏற்கெனவே சம்மதித்துவிட்டார் என்றார். வாசிக்காவிட்டால் ஐயரும் ஐயரம்மாவும் மதராசுக் கப்பலில் இருப்பார்கள் என்பதைக் கடைசியாகத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஓலை மாதிரியா வாசிக்கணும்?" என்று ஐயர் கேட்டார்.

"ஆமாங்க."

"ஓலை மாதிரின்னா ஓலை மாதிரித்தான் வாசிப்பேன். அப்புறம் கூட்டிட்டேன் குறைச்சிட்டேன்னு சொல்லப்படாது."

"ஓர் எழுத்தைக்கூட நீங்க மாத்த வேண்டாம். உங்க முறைப்படியே வாசிங்க, போதும்."

இன்ஸ்பெக்டர் மனம் குளிர்ந்து, என் தலையையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். கையில் இருந்த ஜாடியை நங்கென்று வைத்தேன். உடையவில்லை. நான் ஏற்றிவந்த ஜாடி எப்படி உடையும்?

"இது நல்லா இல்ல ஐயரே" என்றேன்.

"உனக்கு ஞாயித்துக்கிழமை மூணாம் ஓலை இருக்குல்லா? நல்ல சட்டையாப் போட்டுட்டு வா" என்றார்.

அந்த வாரம் டாலாவுக்குப் போனபோது கரையில் ஒருவரும் வணக்கம் சொல்லவில்லை. செய்தி எங்களுக்கு முன்னாலேயே ஆற்றைக் கடந்திருந்தது. பத்துப் பேர் முதுகைக் காட்டிக்கொண்டு சீட்டாடினார்கள். செத்துப்போனவரின் மனைவி மட்டும் குடிசை வாசலில் முக்காலி போட்டாள். கொஞ்ச வயசுதான். வெள்ளைச் சேலைகூட இரவல்.

"காகிதம் வாசிக்கப் போறீகளாமே?" என்றாள்.

"வாசிக்கப் போறேன் தாயி."

"அப்ப நாங்க கோயிலுக்கு வர வேண்டாம், என்ன?"

"இந்த ஞாயித்துக்கிழமை கட்டாயம் வரணும். நீயும் வா. எல்லாரையும் கூட்டிட்டு வா. ஏலே, போகவர இவுக எல்லாரையும் நீ சும்மா ஏத்திக்கோ."

கேளுங்கள், என் படகு, அவர் தர்மம். ஆனாலும் சரி என்றேன்.

திரும்பி வரும்போது நடு ஆற்றில், கண்ணை மூடினபடியே, "எனக்குப் பயமா இருக்குலே" என்றார்.

"தண்ணியா?"

"தண்ணியும்" என்றார்.

சனிக்கிழமை அவர் வீட்டுப் பக்கம் போனேன். ஐயரம்மா கயிறு கேட்டார். தகரப் பெட்டி இரண்டு கட்டுவதற்குத் தயாராக நின்றது.

"என்னம்மா இது? ஐயர்தான் வாசிக்கப் போறாரே, பெட்டி எதுக்கு?"

"அவரை எனக்குத் தெரியும்டே. வாசிக்கிறேன்னு சொன்னா வாசிப்பாரு. அதுக்கு மேலயும் ஏதாவது செய்வாரு" என்று சொல்லிவிட்டு ஐயரம்மா முற்றத்தைப் பார்த்தார். "பெட்டி ரெண்டுதான், கட்டிரலாம். இந்தக் கோழிகளை என்ன செய்யன்னுதான் தெரியல."

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்து வழிந்தது. டாலா ஆட்களை மூன்று நடையாக நான் ஏற்றி வந்தேன். வேலையை விட்ட இந்துக்களும் துலுக்கர்களும் ஜன்னல்களுக்கு வெளியே நின்றார்கள். வாசலில் போலீஸ். முதல் வரிசையில் இன்ஸ்பெக்டரும் அவருடைய மேலதிகாரியான ஒரு வெள்ளைக்காரத் துரையும். துரைக்குத் தமிழ் தெரியாது. இன்ஸ்பெக்டர் அவர் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாம் வழக்கப்படி நடந்தது. பிரசங்கம் முடிந்து ஐயர் முதலில் என் மூன்றாம் ஓலையை வாசித்தார். தடை உண்டா என்று கேட்டார். காவல்காரக் கிழவருக்கு அன்றைக்கு இருமல் வரவில்லை. போலீஸைப் பார்த்ததும் அந்த இருமல் எங்கேயோ ஓடிவிட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து என் ஆள் என்னைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினாள், தப்பித்தாய் என்பது போல.

பிறகு ஐயர் சர்க்கார் காகிதத்தை விரித்தார். ஓர் எழுத்து விடாமல் வாசித்தார். தூண்டுகிறவர்கள் வெளியேற்றப்படுவார்கள் என்பதையும் வாசித்தார், ஆண்டவருக்கு விரோதம் என்பதையும் வாசித்தார். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. என்னைச் சுற்றி இருந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்திருந்தார்கள். துரை திருப்தியாகத் தொப்பியைக் கையில் எடுத்தார்.

ஐயர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த ஓலை வாசிக்கப்படுவது இது முதல்தரம். இதற்கு நியாயமான தடை யாருக்காவது தெரிந்திருந்தால் இப்போதே சொல்லலாம்."

இன்ஸ்பெக்டரின் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. அப்போதுதான் எனக்கும் புரிந்தது. எனக்குப் புரிந்தது என்றால் அந்தக் கோயிலில் எல்லாருக்கும் புரிந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நான் கொஞ்சம் வேகமானவன்.

ஆனால் ஒருவரும் பேசவில்லை. தடை சொல்லி எங்களுக்குப் பழக்கமே இல்லை. அந்தக் கேள்வி வந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் நாங்கள் கற்றது. ஐயர் யாருக்கும் முன்கூட்டிச் சொல்லி வைக்கவும் இல்லை, அது பிற்பாடு நன்றாகத் தெரிந்தது. பேசாமல் இருந்தால் சம்மதம். ஆண்டவருக்கு விரோதம் என்று சபையே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். நான் ஐயரைப் பார்த்தேன். நடு ஆற்றில் பலகையைப் பிடித்துக்கொண்டு இருப்பாரே, அதே முகம். ஆனால் அன்றைக்குக் கண்ணை மூடவில்லை.

அந்த நேரம் பார்த்துக் காவல்காரக் கிழவர் இருமினார்.

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "ஐயோ, இது நிஜ இருமல்ங்க!" என்று அவர் தூணுக்குப் பின்னால் ஒளிந்தார். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஏதோ இளகியது.

பெண்கள் பக்கத்தில் வெள்ளைச் சேலை எழுந்தது.

"தடை இருக்கு ஐயரே."

எங்கள் கோயிலில் பெண்பிள்ளை எழுந்து பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஐயர் சட்டப்படி, "என்ன தடை?" என்று கேட்டார்.

அவள் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. "அவுக மேல அறுந்து விழுந்த அந்தக் கயித்தை இன்னும் மாத்தல" என்றாள்.

"பார்த்தது யார்?"

"நான் பார்த்தேன்!" என்று எழுந்தேன். அந்தக் கோயிலில் இரண்டாவதாக எழுந்தவன் நான்தான். முதலாவதாகவே எழுந்திருப்பேன், ஆனால் முதல் தடை அவளுக்குரியது. தினமும் அந்தக் கப்பலை ஒட்டித்தான் படகு விடுகிறேன், முடிச்சுப் போட்ட கயிறு அப்படியே தொங்குகிறது என்று சொன்னேன். துரை என்னை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டார். பார்க்கட்டுமே, கல்யாணச் சட்டை போட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். தடை, தடை என்று ஆண்கள் பக்கம் முழுவதும் நின்றது. ஜன்னலுக்கு வெளியே இருந்தவர்களும், "நாங்களும் பார்த்தோம் சாமி!" என்று கத்தினார்கள்.

"வெளியே நிக்கிறவங்க சபையார் இல்லை, தடை சொல்ல முடியாது" என்றார் ஐயர். "சாட்சி சொல்லலாம்."

பிறகு காகிதத்தை நாலாக மடித்தார். "தடை நியாயமாக இருப்பதால், அது நீங்கும்வரை இந்த ஓலை இரண்டாந்தரம் வாசிக்கப்பட மாட்டாது" என்று சொல்லிவிட்டு, மேடையை விட்டு இறங்கி இன்ஸ்பெக்டர் கையில் அதைக் கொடுத்தார். என்ன நடந்தது என்று துரை இங்கிலீஷில் கேட்கிறார். இன்ஸ்பெக்டருக்கு எந்த இங்கிலீஷும் வரவில்லை.

"ஓலை மாதிரியே வாசிக்கச் சொன்னது நீங்கதானே ஐயா?" என்று ஐயர் மெதுவாகக் கேட்டார். நக்கலாகக் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டருக்காக வருத்தப்பட்டுத்தான் கேட்டார் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் காலை கோயில் கதவில் சர்க்கார் பூட்டுத் தொங்கியது.

ஆனால் அந்தப் பேச்சுக்குப் பூட்டுப் போட முடியவில்லை. கூலிக்காரர்கள் தங்கும் பராக்குகளிலும் சந்தையிலும் எல்லார் வாயிலும் அந்தக் கயிறுதான். கோயில் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள்கூட, "தடை இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார்கள். படகுகளில் அரிசி நனைந்து வீணாகிக்கொண்டிருந்தது. கம்பெனிக்காரன் அந்த வாரமே புதுக் கயிறு மாட்டினான். ஐயர் என்னை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். வேறு யாரை அனுப்புவார்? நான் போய்த் தொங்கிப் பார்த்து, முடிச்சில்லாத புதுக் கயிறுதான் என்று சொன்ன பிறகு ஆட்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

கோயில் பூட்டியிருந்ததால் என் கல்யாணம் டாலாவில் நடந்தது. தென்னங்கீற்றுக் கொட்டகை. ஐயர் சம்பானில் வந்தார். எதிரே உட்கார்ந்திருந்த மணப்பெண் அவர் கண் மூடியிருந்ததைப் பார்த்து, "அமலே! ஜெபம் பண்றாரா, தூங்குறாரா?" என்று என் காதில் கேட்டாள். பர்மாக்காரர்கள் அம்மாடி என்பதை அப்படித்தான் சொல்வார்கள்.

விருந்து பாதியில் இன்ஸ்பெக்டர் வந்தார். சாதாரண வேட்டியில், தனியாக. சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அவருக்கும் இலை போட்டோம். சாப்பிட்ட பிறகு ஐயரை ஓரமாக அழைத்துப் போனார். நான் மாப்பிள்ளை, எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். போய் நின்றேன்.

"தடை நீங்கிடுச்சுங்களே ஐயா" என்றார். "இப்ப ரெண்டாந்தரம் ஒரே ஒரு தடவை வாசிச்சிடுங்க. கோயில் சாவியை நானே கொண்டுவந்து தர்றேன். நீங்களும் இங்கேயே இருக்கலாம். துரைக்குத் தன் பேச்சு நிக்கணும், அவ்வளவுதான்."

"எல்லாரும்தான் வேலைக்குப் போயிட்டாங்களே. பொண்ணும் மாப்பிள்ளையும் வீடு போய்ச் சேந்தப்புறம் ஓலை எதுக்குங்க?"

"ஒரு பேருக்குத்தான்."

கொட்டகையில் ஐயரம்மா என் பெண்சாதியின் கொண்டையைச் சரி செய்துகொண்டிருந்ததை ஐயர் திரும்பிப் பார்த்தார். இங்கேயே இருந்துவிட அவருக்கு ஆசை இருந்தது. அது முகத்தில் தெரிந்தது.

"ஆண்டவருக்கு விரோதம்னு இருக்கே, அந்த வரியை எடுத்துருங்க. வாசிச்சிடுறேன்."

"அதை எடுக்க எனக்கு அதிகாரம் இல்லையே ஐயா."

"அதை வாசிக்க எனக்கும் இல்லீங்க."

இன்ஸ்பெக்டர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. என் கையைப் பிடித்து வாழ்த்திவிட்டு, செருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு படகுக்குப் போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கும் மேலே ஒரு கயிறு தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

ஐயரின் இழுப்பு நோய்க்கு ரங்கூன் காற்று ஆகவில்லை என்று மிஷன் துரை அறிவித்தார். சொன்னபடி மதராசுக் கப்பலில் இடம் போட்டார்கள். அவர் போவது உறுதியான பிறகு கோயில் பூட்டைத் திறந்தார்கள். டாலாவிலிருந்து வந்தவர்கள், சந்தைக்காரர்கள், ஜன்னலுக்கு வெளியே நின்ற துலுக்கர்கள், எல்லாரும் துறைமுகத்தில் நின்றார்கள். வெள்ளைச் சேலைக்காரி ஒரு பொட்டலம் சோறு கட்டிக் கொண்டுவந்திருந்தாள். இரண்டு தகரப் பெட்டிகளையும் நான்தான் தூக்கினேன், கூலிக்காரனைத் தொட விடவில்லை. கோழிகள் அதற்கு முந்தின நாளே என் வீட்டுக்கு வந்து, என் பெண்சாதியின் கருவாட்டைக் கொத்த ஆரம்பித்திருந்தன.

கப்பலுக்கு ஏறுகிற படிப்பலகைக்குக் கீழே தண்ணீர் அலம்பிக்கொண்டிருந்தது. ஐயர் பலகைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். பக்கத்துக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏலே, இது தாங்குமா?"

நான் கயிற்றைப் பிடித்து முழுப் பாரத்தையும் போட்டு இழுத்துக் காட்டினேன். "தாங்கும் ஐயரே."

"ரெண்டு பேருக்கும் சேத்து?"

"ரெண்டு பேருக்கும் சேத்துத்தான்."

அவர் குடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடினார். ஐயரம்மா முன்னால் ஏறி, பின்னால் கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி ஏறினார். அழக் கூடாது என்றுதான் நான் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். கப்பல் கரையை விட்டு அசைந்த பிறகுதான் என் பெண்சாதி என் முழங்கையை இடித்தாள்.

"மேல பாரு, கண்ணைத் தொறந்துட்டாரு" என்றாள்.